ஒரே ரைஃபிள்தான் என்றால் எந்தத் தோட்டா?

கொலராடோவில் வேட்டைக்கு வர ஆசைப்படும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "அண்ணே, ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும். ரெண்டாவது வாங்கினா வீட்ல சோறு கிடைக்காது. சின்ன மான்ல இருந்து எல்க் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரு தோட்டா சொல்லுங்க." கேட்கிறவர் அதற்குள் யூடியூபைக் கரைத்துக் குடித்திருப்பார். குண்டு தட்டையாகப் பறக்க வேண்டும், 500 யார்டிலும் கீழே இறங்கவே கூடாது என்ற முடிவோடுதான் வருவார்.

நான் வைத்திருப்பது .270 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான ரைஃபிள் (புள்ளிக்குப் பின்னால் வரும் எண், ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்). கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதையே சொல்கிறேன். மீதிப் பேருக்கு வேறு ஒன்றைச் சொல்கிறேன். யாருக்கு எது, ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் சட்டம். ஊரில் இருப்பவர்கள் இதை ஆர்வத்துக்காக மட்டும் படியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அப்புறம், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் கொலராடோவில் உரிமம் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த அட்டை வேண்டும். அந்த வகுப்பை வேண்டாவெறுப்பாகப் போய் உட்காராதீர்கள். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது என்பதில் இருந்து, மானின் நெஞ்சுக்கூட்டில் எது எங்கே இருக்கிறது என்பதுவரை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

சரி, 'எல்லாத்துக்கும்' என்றால் கொலராடோவில் என்ன அர்த்தம்?

கிழக்கே வானமும் புல்லும் மட்டுமே இருக்கும் சமவெளி. அங்கே பிராங்ஹார்ன் என்ற, மான் போன்ற விலங்கு. ஆண் விலங்கே 100, 125 பவுண்டுதான் இருக்கும். ஆனால் கண் அபாரம், ஓட்டம் அதைவிட அபாரம். மலையடிவாரத்துப் புதர்க்காட்டில் மியூல் மான். நல்ல கிடா 200 பவுண்டு தாண்டும். மேலே 9,000, 10,000 அடியில் ஆஸ்பென் மரங்களும் ஸ்ப்ரூஸ் மரங்களும் அடர்ந்த காட்டில் எல்க்; பெட்டையே 500 பவுண்டு, ஆண் 700 பவுண்டும் அதற்கு மேலும். முதலாவதை 250 யார்டில் சுட நேரலாம். கடைசியானதை மரங்களுக்கு நடுவே 60 யார்டில் சுட நேரலாம், அல்லது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 300 யார்டில். மாநிலச் சட்டம் கேட்பது குறைவுதான்: விட்டம் குறைந்தது .24 அங்குலம், மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் 70 கிரெய்ன் எடையுள்ள குண்டு, எல்க்குக்கும் மூஸ் என்ற இன்னும் பெரிய மானுக்கும் 85 கிரெய்ன், பட்டதும் விரியும் வகைக் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். .243 வின்செஸ்டரே இதில் பாஸ் ஆகிவிடும். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக .243ஐ எடுத்துக்கொண்டு எல்க் பின்னால் போகச் சொல்ல மாட்டேன்; அதற்கு நல்ல கையும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

இப்போது அந்தத் தட்டையாகப் பறக்கும் விஷயம். குண்டு எதுவானாலும் குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து விழ ஆரம்பிக்கும். வேகமாகப் போனால் விழுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அவ்வளவுதான். ரைஃபிளை 200 யார்டில் ஜீரோ செய்கிறீர்கள் என்று வையுங்கள், அதாவது குறுக்குக்கம்பி காட்டும் இடத்திலேயே 200 யார்டில் குண்டு படும்படி ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருத்துகிறீர்கள். .270ல் 130 கிரெய்ன் குண்டு, கம்பெனிக் கணக்குப்படி வினாடிக்கு 3,060 அடி. 300 யார்டில் அது சுமார் 6 அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கியிருக்கும். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய .30-06, 180 கிரெய்ன் குண்டு, 2,700 அடி வேகம்: 8 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். எல்லாரும் கொண்டாடும் 6.5 க்ரீட்மோர், 143 கிரெய்ன், அதே 2,700 அடி: ஏழரை அங்குலத்தை ஒட்டி. தோள்பட்டையைப் பதம்பார்க்கும் .300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெய்ன்: ஆறரை.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். யூடியூபில் மணிக்கணக்காகச் சண்டை போடும் நான்கு தோட்டாக்களுக்கும் 300 யார்டில் மொத்த வித்தியாசம் இரண்டு அங்குலம். பிராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாண் அகலம். எல்க்குக்கு ஒன்றரைச் சாண். நின்றுகொண்டு சுடும்போது உங்கள் கை ஆடும் ஆட்டத்தில் இந்த இரண்டு அங்குலம் எங்கே போனது என்றே தெரியாது.

அப்படியானால் தட்டையாகப் பறப்பதால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. என் .270ஐ 200 யார்டில் ஜீரோ செய்வதில்லை. 100 யார்டில் இரண்டரை அங்குலம் மேலே படும்படி வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் 150 யார்டில் குண்டு மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே இருக்கும், 250ஐ ஒட்டிச் சரியாக மையத்தில் படும், 300ல் மூன்று அங்குலம் போல இறங்கியிருக்கும். அதாவது குழல் முனையிலிருந்து 300 யார்டுவரை நெஞ்சின் நடுவில் குறிவைத்தால் போதும். மேலே தூக்கவும் வேண்டாம், ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் டர்ரெட் என்ற திருகைத் திருகவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். .30-06ல் 180 கிரெய்னை இதே முறையில் வைத்தால் அந்த எல்லை முப்பது யார்டு போலக் குறையும். .308லும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மான் புதருக்கு வெளியே வந்து நிற்பது நாலைந்து வினாடி. ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து, தூரத்தை அளந்து, இறக்கக் கணக்கு எழுதிய அட்டையைப் பார்த்து, டர்ரெட்டைத் திருகி முடிப்பதற்குள் அது அடுத்த மேட்டுக்குப் போயிருக்கும். கணக்குப் போடாமல் சுடக்கூடிய அந்த 300 யார்டு வட்டத்துக்குத்தான் நான் வேகமான தோட்டாவுக்குக் காசு கொடுக்கிறேன். அதற்கு அப்பால் சுடுவதற்காக இல்லை. 400 யார்டில் இதே அமைப்பில் குண்டு ஒன்றரைச் சாண் இறங்கிவிடும். அந்தத் தூரத்தில் எந்தத் தோட்டாவும் தட்டையாகப் பறப்பதில்லை.

கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். 3,060 என்பது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. என்னுடையது 22 அங்குலம். பழைய ரைஃபிள், ஃபோர்ட் காலின்ஸில் ஒருவர் கண் மங்கிப்போனதால் விற்றார். மரக்கட்டையில் அங்கங்கே கீறல், குழல் மட்டும் சுத்தம். நண்பரின் குரோனோகிராஃபை வைத்து அளந்தால் 2,980ஐ ஒட்டித்தான் வந்தது. குழல் ஒரு அங்குலம் குறைந்தால் 25 முதல் 40 அடி வேகம் குறைவது வழக்கம். ஆனால் நாங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு 5,000 அடி மேலே. காற்று மெலிது, குண்டுக்குத் தடை குறைவு. அதனால் அட்டையில் இருக்கும் இறக்கத்துக்கும் என் இலக்குக் காகிதத்தில் கண்டதற்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. சென்னை மாதிரிக் கடல்மட்ட ஊரில், ஹூஸ்டனில் என்று வையுங்கள், ஜீரோ செய்துவிட்டு விமானம் ஏறி 10,000 அடிக்கு வருகிறவர்கள் வந்த அன்றே மறுபடி சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது. உயரத்தைவிட, விமானத்தில் பெட்டி பட்ட அடியில் ஸ்கோப் நகர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் பிரச்சினையாக இருக்கும்.

இறக்கத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் புரியவைத்தது பானி புல்வெளி. வெல்ட் கவுன்டியில் இருக்கும் தேசியப் புல்வெளி அது. அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து கிடக்கும். கையில் வரைபடச் செயலி இல்லாமல் போனால் யாரோ ஒருவருடைய நிலத்தில் அத்துமீறிக்கொண்டிருப்பீர்கள். அக்டோபர் தொடக்கம். மரம் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடையாது. இடது பக்கத்திலிருந்து மேற்குக் காற்று, மணிக்கு 18 மைல் போல, நிற்காமல். ஒரு ஆண் பிராங்ஹார்னும் நாலு பெட்டைகளும் 340 யார்டில் மேய்ந்துகொண்டிருந்தன. பையைத் தரையில் போட்டு, ரைஃபிளை அதன்மேல் வைத்துப் படுத்தால் குறுக்குக்கம்பி ஆடாமல் நின்றது. இறக்கம் எனக்கு மனப்பாடம். முதுகுக்கோட்டை ஒட்டிப் பிடித்தால் சரியாக இருக்கும்.

கூட வந்தவர் என் பக்கத்து வீட்டுத் தாத்தா. பண்ணைக் குடும்பம், சின்ன வயதிலிருந்து இதே புல்வெளியில் வேட்டையாடுகிறவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த புல்லை ஒரு பிடி பிடுங்கிக் காற்றில் விட்டார். அது குறுக்கே பறந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

.270ல் 130 கிரெய்ன் குண்டை மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று 300 யார்டில் 5, 6 அங்குலம் தள்ளும். 18 மைல் காற்றில், 340 யார்டில், உயரத்தால் காற்று மெலிந்திருப்பதைக் கழித்துக்கொண்டாலும் ஒரு சாணுக்கு மேல் தள்ளும். நெஞ்சின் நடுவில் பிடித்தால் குண்டு போய்ச் சேருவது வயிற்றில். காற்றைக் கணக்கிட்டு முன்னால் பிடிக்கலாம்தான். ஆனால் காற்று 18ஆ, 14ஆ, விலங்கு நிற்கும் இடத்திலும் அதே காற்றுதானா என்பதைச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. வயிற்றில் பட்ட விலங்கு மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். சில நேரம் கிடைக்காமலே போகும்.

ஆகவே ஊர்ந்தோம். அந்தப் புல்வெளியில் ஊர்ந்தவர்களுக்குத் தெரியும், தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி படர்ந்திருக்கும். நம்மூர் வேலியோரத்தில் ஆளுயரம் நிற்கும் கள்ளிக்குச் சொந்தம்தான், ஆனால் இங்கே கணுக்கால் உயரம்கூட இல்லாமல் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். முழங்கையிலும் முட்டியிலும் முள் ஏறியது. ஒரு சின்ன மடிப்பைப் பயன்படுத்தி 220 யார்டுக்குப் போனோம். அங்கே அதே காற்று தள்ளுவது 5 அங்குலம் போலத்தான். தோளின் முன்விளிம்பில் பிடித்துச் சுட்டேன். முப்பது யார்டு ஓடி விழுந்தது. தோலுரிக்கும்போது பார்த்தால் குண்டு தோளுக்குப் பின்னால் ஒரு கையகலம் தள்ளிப் பட்டிருந்தது. இரண்டு நுரையீரலும் போயிருந்தன. முள்ளை மட்டும் இரண்டு நாள் கழித்தும் மனைவி ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் காற்றில்தான் 6.5 க்ரீட்மோர்காரர்கள் நியாயமாகப் பெருமைப்படலாம். ஹார்னடி கம்பெனி 2007ல் கொண்டுவந்த தோட்டா அது. குண்டு ஒல்லி, நீளம். காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். அந்த நீளக் குண்டைச் சுழற்ற 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலில் மரை வெட்டியிருப்பார்கள். .270ல் பழைய வழக்கப்படி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதனால் 150 கிரெய்னைத் தாண்டி மிக நீளமான குண்டுகள் அதில் நிலையாகப் பறக்காமல் போகலாம். 400 யார்டில் காற்று தள்ளுவதில் .270க்கும் க்ரீட்மோருக்கும் இரண்டு அங்குலம் போல வித்தியாசம் வரும். 600, 800 யார்டில் இரும்புத் தட்டில் டங் டங் என்று அடிக்க ஆசை இருந்தால் யோசிக்காமல் க்ரீட்மோரையே வாங்குங்கள். 300க்குள் சுடுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆனால் க்ரீட்மோரை நான் சிபாரிசு செய்வது காற்றுக்காக இல்லை, உதைக்காக, அதாவது சுடும்போது ரைஃபிள் தோளில் இடிக்கும் இடிக்காக. இது ஆண்கள் வெளியே பேச வெட்கப்படும் விஷயம். எட்டு பவுண்டு ரைஃபிளில் .243 உதைப்பது ஒன்பது பத்து அடி-பவுண்டு. க்ரீட்மோர் 12, 13. .270 ஏறக்குறைய 17. .30-06 இருபதை ஒட்டி. .300 வின்செஸ்டர் மேக்னம் இருபத்தைந்துக்கு மேல். எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ரேஞ்சில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெட்டி, அதாவது இருபது தோட்டா, மேக்னத்தில் சுட்டுப் பாருங்கள். பதினைந்தாவது தோட்டாவுக்கு உடம்பு முந்திக்கொள்ளும். விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. டம்மித் தோட்டா ஒன்றிரண்டை வாங்கி, சுடுகிறவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே கலந்து மேகசினில் போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். குழல் முனை அசையாமல் இருக்க வேண்டும். டால்லஸிலிருந்து வந்த ஒரு நண்பர், ஜிம்முக்குப் போய் மலை மாதிரி உடம்பு வைத்திருப்பவர், .300 மேக்னத்தில் டம்மி வந்தபோது குழல் முனை நாலு அங்குலம் கீழே குத்தியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையில் என் .270ஐக் கொடுத்தால் குத்துவது பாதியாகக் குறைந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்தவரின் க்ரீட்மோரில் குழல் அசையவே இல்லை. அன்று சாயங்காலமே அவர் எதை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். மனைவியும் சுடப் பழகப்போகிறார் என்பதால் அது இன்னும் சரியான முடிவு. மெல்லிய உடம்புக்காரர்கள், புதிதாகப் பழகுகிறவர்கள், பதின்வயதுப் பிள்ளைகள், இவர்களுக்கு க்ரீட்மோர் அல்லது 1980ல் வந்த 7எம்எம்-08 ரெமிங்டன் போதும். மான், பிராங்ஹார்ன், தூரத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டால் எல்க்கும்.

.270க்கு வருவோம். 1925ல் வின்செஸ்டர் மாடல் 54 என்ற ரைஃபிளோடு வந்தது. .30-06 குடும்பத்துப் பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கி, .277 அங்குலக் குண்டைச் சொருகினார்கள். ஜாக் ஓகானர் என்ற வேட்டைப் பத்தி எழுத்தாளர் பல பத்தாண்டுகள் இதன் புகழ் பாடினார். எல்மர் கீத் என்ற இன்னொரு துப்பாக்கி எழுத்தாளர் பெரிய விட்டம், கனமான குண்டு என்ற கட்சி; .270ஐ எல்க்குக்குப் போதாது என்பார். இருவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்த வாக்குவாதம் மட்டும் கடைவாசல்களில் இன்னும் நடக்கிறது.

என் அனுபவத்தில் எல்க்குக்குப் போதுமா போதாதா என்பதைத் தோட்டாவின் பெயர் தீர்மானிப்பதில்லை, குண்டின் கட்டுமானம்தான் தீர்மானிக்கிறது. தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளை உறை, உள்ளே மருந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வாயில் குண்டு. பறந்து போய் வேலை செய்வது குண்டு மட்டும்தான். மலிவான, மெல்லிய செம்பு உறை போட்ட ஈயக் குண்டு மானுக்கு நன்றாகவே வேலை செய்யும். அதே குண்டு எல்க்கின் தோள் எலும்பில் 80 யார்டில் முழு வேகத்தில் பட்டால் சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடலாம். வேகமான தோட்டாக்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தட்டையாகப் பறக்க நாம் கொடுக்கும் விலை இது. ஜான் நாஸ்லர் 1946ல் கனடாவில் ஒரு மூஸைச் சுட்டபோது இதே தொல்லை வந்தது. அதன் விளைவாக அவர் செய்ததுதான் பார்ட்டிஷன் குண்டு: நடுவில் செம்புச் சுவர், முன்பகுதி விரிந்து கரைந்தாலும் பின்பகுதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1948லிருந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. .270ல் 150 கிரெய்ன் பார்ட்டிஷன் என்றால் எல்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நான் இப்போது போடுவது முழுச் செம்புக் குண்டு, 130 கிரெய்ன். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஈயத் துணுக்குகள் கறியில் எவ்வளவு தூரம் பரவும் என்பதை எக்ஸ்ரே படங்களில் பார்த்தபிறகு மனசு ஒப்பவில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கொலராடோவில் அந்தக் கட்டாயம் இல்லை. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். அதனால் கனத்தை ஒரு படி குறைத்து வாங்குவதுதான் வழக்கம். செம்பு உடையாது, எடையும் குறையாது, 130ஏ 150 செய்யும் வேலையைச் செய்துவிடும். ஒரு குறை: வேகம் குறைந்த இடத்தில் விரிய மறுக்கும். ஆகவே இதுவும் தூரத்தைக் குறைக்கத்தான் சொல்கிறது.

வால்டன் பக்கம் நார்த் பார்க்கில், அந்தி மயங்கும் நேரம், ஒரு பெட்டை எல்க் 120 யார்டில் சாய்வாக நின்றது. பின்விலாவில் நுழைந்து எதிர்த் தோளைப் பார்த்துப் போகும் கோணம். மரத்தண்டில் சாய்ந்து, உட்கார்ந்த நிலையில் சுட்டேன். சுட்டது கேட்காத மாதிரி இரண்டு அடி நடந்தது, நின்றது, முன்கால் மடங்கியது. எதிர்ப்பக்கத் தோளுக்கு முன்னால் தோலைக் கிழித்துக்கொண்டு குண்டு வெளியே போயிருந்தது. இதைவிட என்ன வேண்டும்? அதன்பிறகுதான் உண்மையான வேலை: இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நாலு கால்களையும் பிரித்து, எலும்பில்லாக் கறியைப் பைகளில் கட்டி, 9,500 அடி உயரத்தில் மூச்சு வாங்க வாங்கச் சுமந்து வருவது. பாலினத்தைக் காட்டும் அடையாள உறுப்பு கறியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அசதியில் அதை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். எல்க் கறியில் கொழுப்பே கிடையாது. சுக்கா வறுக்கும்போது நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும், இல்லையென்றால் நார்தான்.

மற்ற தோட்டாக்களைப் பற்றிச் சுருக்கமாக. .30-06 ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? எதையும் வாங்காதீர்கள். 150இலிருந்து 180 கிரெய்ன்வரை குண்டு மாற்றினால் எல்லா வேலையும் செய்யும். பக்கத்து வீட்டுத் தாத்தா தன் அப்பா வாங்கிய .30-06ஐத்தான் இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார், .270ஐப் பார்த்து அது பொடியன் துப்பாக்கி என்று கேலி செய்கிறார். .308, குட்டை ரைஃபிள் விரும்புகிறவர்களுக்கு. பயிற்சித் தோட்டா மலிவு. .25-06 பிராங்ஹார்னுக்கு அருமை, எல்க்குக்கு என் மனம் ஒப்பாது. 1962இன் 7எம்எம் ரெமிங்டன் மேக்னம், .270ஐவிடக் கனமான குண்டை அதே தட்டைத்தன்மையில் தள்ளும். உதையைத் தாங்குகிறவருக்கு, எல்க்கே முதல் இலக்கு என்பவருக்கு, நல்ல தேர்வு. 7எம்எம் பிஆர்சி, 6.8 வெஸ்டர்ன் எல்லாம் நவீனக் கணக்கில் சிறந்தவைதான். ஆனால் சின்ன ஊரின் ஹார்டுவேர் கடையில் போய் நின்று பாருங்கள்.

அங்கேதான் கடைசி விஷயம் வருகிறது. தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு 150 மைல் தாண்டி வந்தவருக்கு எதைக் கொடுப்பார்கள்? .30-06, .308, .270, .243, .30-30, இப்போது 6.5 க்ரீட்மோர். இவை பெரும்பாலும் இருக்கும். 2020, 2021 தட்டுப்பாட்டில் இவைகூட அலமாரியில் இல்லாமல் போனது; அபூர்வத் தோட்டாக்காரர்கள் பாடு சொல்லி மாளாது. பெட்டி வாங்கும்போது குழலில் பொறித்திருக்கும் பெயரையும் பெட்டியில் இருக்கும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். .270 வின்செஸ்டர், .270 வெதர்பி மேக்னம், .270 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் மூன்றும் மூன்று சாமான். .280 ரெமிங்டன் ரைஃபிளில் .270 நுழைந்துவிடும், சுட்டால் ஆபத்து.

எவ்வளவு தூரம்வரை சுடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு. பெஞ்ச் கூடாது. பையின்மேல் படுத்து, கம்பு ஊன்றி உட்கார்ந்து, முட்டி போட்டு, கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சு வாங்கும்போது என்று சுட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம்தான் அந்த நிலையில் உங்கள் எல்லை. எனக்குப் படுத்தால் 300, கம்பில் உட்கார்ந்தால் 200, கையில் பிடித்து நின்றால் 80. இந்த எண்கள் .270ஆல் வந்தவை இல்லை. க்ரீட்மோரைக் கொடுத்தாலும் இதேதான் வரும். மலைச்சரிவில் சுடும்போது மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 30 பாகைச் சரிவில் ரேஞ்ச்ஃபைண்டர் 300 என்றால், குண்டு இறங்குவது 260 யார்டுக்கு உரிய அளவுதான், மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும். இப்போது வரும் ரேஞ்ச்ஃபைண்டர்கள் பெரும்பாலும் அதைத் தாங்களே கழித்துக் காட்டிவிடும்.

அப்புறம் ஒன்று. ஒரு பெட்டி 30 முதல் 60 டாலர், செம்பு என்றால் மேல்பக்கம். பயிற்சிக்கு மலிவானதை வாங்கலாம், ஆனால் வேட்டைக்குப் போடப்போகும் அதே குண்டில் ஜீரோ செய்தாக வேண்டும். பெட்டியின் மடிப்பில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண், அச்சிட்டிருக்கும். ரைஃபிளுக்குப் பிடித்த குண்டு எது என்று தெரிந்ததும் அதே லாட்டில் நாலைந்து பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் 100 யார்டில் மறுபடி மூன்று சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. சில நேரம் ஒன்றரை அங்குலம் நகர்ந்திருக்கும்.